தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளில் பாடத் தேர்வும் வழிகாட்டலும்

இளநிலைப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் எதைப் படிக்கிறார் என்பது ஒரே நாளில் முடிவாவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது என்பது முதல் முடிவு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எந்தக் கல்லூரி, எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்பது அடுத்தது. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு மொழிப் பாடமாக எந்த மொழி, பிற துறை விருப்பப்பாடமாக எது, இணையவழிப் படிப்பாக எது என்று சின்னச் சின்ன முடிவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. தேர்வுக்குப் பதிவதும் அரியர் (தேர்ச்சி பெறாமல் நிற்கும்) தாள்களுக்குத் திரும்பப் பதிவதும் பருவம் தவறாமல் வருபவை. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் தெரிந்த ஒருவர் மாணவரின் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கல்வி வழிகாட்டலின் சாரம்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத்தில் பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரி, அதையடுத்து அம்பாசமுத்திரம் கலைக் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரி. நடுவில் நெல்லையும் பாளையங்கோட்டையும். கீழே ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கல்லூரி, கடலோரத்தில் திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி என ஆற்றின் போக்கிலேயே அவை அமைந்திருக்கின்றன. இங்கே குறையாக இருப்பது ஒன்றுதான். வழிகாட்டல், முடிவு எடுக்கும் நாளுக்குப் பிறகு வந்து சேர்கிறது.

பழைய ஏற்பாடு

நெல்லையில் உயர்கல்வி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியும் 1878இலிருந்து கணக்கிடப்படுபவை. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் வந்தன. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானபோது தென் மாவட்டக் கல்லூரிகள் அதனுடன் இணைந்தன. 1990 செப்டம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியதும் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 2019இல் தென்காசி தனி மாவட்டமானாலும் பல்கலைக்கழக எல்லை மாறவில்லை.

இந்த நூறாண்டுக் காலத்தில் மாணவருக்குப் பாடப் பதிவு என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. ஆங்கிலம் ஒரு பகுதி, தமிழோ வேறு மொழியோ ஒரு பகுதி, மேஜரும் துணைப்பாடங்களும் ஒரு பகுதி என்ற கட்டமைப்பில், சேரும் நாளில் மேஜரைச் சொன்னால் போதும். மற்றவை தாமாக வந்துவிடும். 1931இல் இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன் காலத்திலும், எழுபதுகளில் பட்டம் பெற்றவர்கள் காலத்திலும் இந்த அமைப்பின் எலும்புக்கூடு ஒன்றேதான். தேர்வு செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் ஆலோசகருக்கும் வேலை இல்லை. அன்றைய ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொன்ன நல்வார்த்தைகள் அவரவர் மனத்தைப் பொறுத்தவை. கல்லூரியின் ஏற்பாடாக அமைந்தவை அல்ல.

உலகில் பிற இடங்களிலும் இந்த வரிசையைக் காணலாம். அமெரிக்காவின் ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து மாணவரே பாடம் தேர்ந்தெடுக்கும் முறையைப் பெரிதாக வளர்த்தார். அதே காலத்தில்தான் புதிய மாணவருக்கு ஆலோசனை சொல்ல ஆசிரியர்களை நியமிக்கும் வழக்கமும் அந்நாட்டில் வேர்விட்டது. அங்கே தெரிவும் ஆலோசகரும் சேர்ந்து வந்தார்கள். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் தெரிவு முதலில் வந்துவிட்டது.

140 கிரெடிட்டும் அதில் நான்கும்

2008–09 கல்வியாண்டில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் முயற்சியில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு விருப்பப்பாட அடிப்படையிலான கிரெடிட் முறை வந்தது. ஆறு பருவங்கள்; பருவத்துக்கு 90 வேலை நாள்கள்; மொத்தம் 140 கிரெடிட். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி மேஜர், துணைப்பாடம், துறைக்குள் விருப்பப்பாடம். நான்காம் பகுதியில் பிற துறை விருப்பப்பாடம், திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகள். பள்ளியில் தமிழே படிக்காமல் வந்தவருக்கு நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழும், பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழும் உண்டு. 2023–24இல் உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெயர்களும் வரிசையும் மாறின. அடிப்படைப் படிப்பு, திறன் மேம்பாட்டுப் படிப்பு என்ற தலைப்புகள் சேர்ந்தன. ஐந்து பகுதி அமைப்பு மட்டும் நிலைத்தது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் உண்மையில் தன் விருப்பப்படி எடுப்பது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் விடை வருத்தம் தருவது. முதல் பகுதி மொழியைச் சேரும்போதே சொல்லியாயிற்று. நெல்லைப் பகுதி மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தமிழ். ஆங்கிலம் எல்லோருக்கும் பொது. துணைப்பாடங்களைத் துறை தீர்மானிக்கிறது: இயற்பியலுக்குக் கணிதமும் வேதியியலும், விலங்கியலுக்கு வேதியியலும் தாவரவியலும் என்பது போல. துறைக்குள் விருப்பப்பாடம் என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் இரண்டு மூன்று தலைப்புகள் இருக்கும். அவற்றில் எது நடக்கும் என்பதைத் துறைக் கூட்டம் முன்பே முடிவு செய்துவிடும். எஞ்சுவது பிற துறை விருப்பப்பாடம். இரண்டு தாள், தாளுக்கு இரண்டு கிரெடிட், ஆக நான்கு. 140இல் நான்கு என்றால் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு.

இதற்குத் துறைகளின் மேல் பழி போடுவது நியாயமாகாது. கலைக் கல்லூரியின் கால அட்டவணை வாரத்துக்கு 30 மணி நேரம். நாளுக்கு ஐந்து பீரியட், ஆறு டே ஆர்டர். அந்த முப்பதும் ஆசிரியர்களின் வேலைப் பளுக் கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன. ஓர் ஆசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்ற கணக்கில்தான் பணியிடங்கள் ஒப்புதல் பெறுகின்றன. ஒரு துறையின் துணைப்பாடத்தை மாணவர்கள் விருப்பம்போல விட்டுவிடலாம் என்றால், அந்தத் துறையில் ஒரு பணியிடமே உபரியாகிவிடும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வாரம் ஆறு மணி நேர வகுப்பும் மூன்றே கிரெடிட்டும் இருப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. மேஜருக்குள் இரண்டு விருப்பப்பாடங்களை ஒரே நேரத்தில் நடத்த இரண்டு ஆசிரியரும் இரண்டு அறையும் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் அரசுக் கல்லூரித் துறைகளில் அதற்கு வழியில்லை. இணைப்புக் கல்லூரிகளுக்கு வினாத்தாளைப் பல்கலைக்கழகம் எடுப்பதால், தலைப்பு கூடக் கூட அங்கேயும் சுமை கூடும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தக் கட்டு சற்றுத் தளர்வு. கோத்தாரிக் குழு பரிந்துரைத்த தன்னாட்சி முறை தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கி, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரிக்கு 1987இல் வந்தது. பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாமே அமைத்துக்கொள்ளும் இந்தக் கல்லூரிகளால் விருப்பப்பாடங்களைக் கூட்டவும் மாற்றவும் எளிதில் முடிகிறது.

அந்த நான்கு கிரெடிட் எப்படித் தேர்வாகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது பயனுள்ளது. இப்போதைய அமைப்பில் பிற துறை விருப்பப்பாடம் முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. மாணவர் கல்லூரிக்கு வந்து சில நாள்கூட ஆகியிருக்காது. எந்த பிளாக்கில் எந்தத் துறை என்பதே பழகியிருக்காது. வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வரும், அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம். அதில் துறையின் பெயரும் தாளின் தலைப்பும் மட்டும் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. முதலில் நிரம்புவது எளிதில் மார்க் விழும் என்று சீனியர்கள் சொல்லிவைத்த தாள். அடுத்து நிரம்புவது தோழியோ தோழனோ போன தாள். கடைசியில் வருபவருக்கு இடம் இருப்பதே பாடம். சில கல்லூரிகளில் இந்தச் சுற்றும் கிடையாது. இந்த வகுப்புக்கு இந்தத் துறையின் தாள் என்று அட்டவணையே சொல்லிவிடும்.

நான்கு கிரெடிட்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மாணவர் மேஜருக்கு வெளியே கால் வைக்கக் கிடைக்கும் ஒரே வாசல் அது. டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைக்கும் இயற்பியல் மாணவிக்கு வரலாற்றுத் துறையின் தாள் பெரிய உதவி. பத்திரிகை வேலைக்குப் போக விரும்பும் தமிழ் மாணவருக்குக் கணினித் துறையின் அடிப்படைத் தாள் கைகொடுக்கும். சுயதொழில் நினைவில் இருக்கும் தாவரவியல் மாணவர் வணிகவியல் துறையில் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவருக்காகப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் படிவம் நிரப்பும் நாளில் கிடைக்க வேண்டும்.

சேர்க்கை நாள்

உள்ளே தெரிவு இவ்வளவு குறுகலாக இருப்பதால், சேர்க்கை நாளின் எடை கூடிவிடுகிறது. மேஜரை ஒருமுறை எடுத்தால் அதனுடன் வருபவற்றில் ஏறத்தாழ எல்லாமே எடுத்தாயிற்று. இடையில் மேஜரை மாற்றுவது அரிது. மாற்றினாலும் முதல் சில வாரங்களுக்குள், காலியிடம் இருந்தால்தான்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2020இலிருந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் பெறப்படுகிறது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். நெல்லையில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரிக்கு இதன் வழியே சேர்க்கை நடக்கிறது. தரவரிசைக்கு மொழிகள் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் கணக்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் தனியாகப் பார்க்கப்படுகின்றன. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி இடங்கள் நிரம்புகின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகள் இந்தத் தளத்துக்குள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி, தனிப் பட்டியல். ஒரே கல்லூரிக்குள் எய்டட் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். படிப்பின் பெயர் ஒன்று, வழங்கும் பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் பெரிதாக வேறுபடும். எந்தப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது என்பதைப் பணம் கட்டும் கவுண்டரில் வைத்து அறிந்துகொள்ளும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கும் வீடுகளிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இந்த வாரங்களில் வழிகாட்டி யார்? பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் இருப்பவர். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையம். விண்ணப்பத்துக்கு அதே தெருவில் பிரவுசிங் சென்டர். என்னென்ன படிப்பு போடட்டும் என்று அவர் கேட்க, வரிசையில் பின்னால் ஆள் நிற்க, இரண்டு நிமிடத்தில் மூன்றாண்டு படிப்பின் முன்னுரிமை வரிசை தட்டச்சாகிறது. அவர் தன் வேலையைச் செய்கிறார். பலர் பரிவோடும் செய்கிறார்கள். கல்லூரியும் பள்ளியும் செய்ய வேண்டிய வேலை அவர் தலையில் விழுந்திருப்பதுதான் கோளாறு.

பொறியியல் படிப்பு இந்த விஷயத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டிருக்கிறது. 2018க்கு முன் கலந்தாய்வுக்கு எல்லோரும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரசில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் எழும்பூரில் இறங்கிய தந்தையும் மகளும் பெரிய திரையில் காலியிடங்கள் குறைவதைப் பார்த்தபடி சில நிமிடங்களில் முடிவு சொன்னார்கள். 2018இலிருந்து கலந்தாய்வு இணையவழியானது. மாவட்டந்தோறும் உதவி மையங்கள் அமைந்தன. பயணம் மிச்சமானது பெரிய நன்மை. ஆனால் விருப்ப வரிசையை நூற்றுக்கணக்கான கல்லூரிகளையும் கிளைகளையும் வைத்து வீட்டிலிருந்தே கட்ட வேண்டியிருப்பதால், ஆலோசனையின் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அரசு இதை உணராமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்காகக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி மாவட்டந்தோறும் நடக்கிறது. கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடி உயர்வுக்குப் படி என்ற முகாமும் உண்டு. 14417 என்ற எண்ணில் கல்வி உதவி மையத்தை அழைக்கலாம். ஆனால் மண்டபம் நிறைந்த கூட்டத்தில் கிடைப்பது பொதுத் தகவல். ஒருவரது மதிப்பெண் பட்டியலையும் குடும்ப நிலையையும் பார்த்துவிட்டுச் சொல்லும் தனி ஆலோசனைக்கு ஆள் வேண்டும்; அந்த ஆள் பள்ளியிலும் கல்லூரி வாசலிலும் இருப்பதே பொருத்தம்.

சேரும் முன் தெரிய வேண்டியவை

ஆலோசகர் என்று ஒருவர் சேர்க்கை நாளில் இருந்தால் அவர் முதலில் சொல்ல வேண்டியது பட்டத்தின் பெயரைப் பற்றி. சுயநிதிப் படிப்புகள் பெருகிய பிறகு, பழைய துறைகளின் ஓரத்தில் புதுப் பெயர்களில் பல பட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் எது எந்த மூலப் பட்டத்துக்கு இணையானது என்பதை அரசு அவ்வப்போது ஆணை வெளியிட்டுத் தீர்மானிக்கிறது. இணை அல்ல என்று ஆணை வந்துவிட்டால், ஆசிரியர் தேர்வு வாரியமோ பணியாளர் தேர்வாணையமோ கேட்கும் தகுதியில் அந்தப் பட்டம் நிற்காது. பி.எட். சேர்வதற்கும், பின்னால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் மேஜர் எது என்பதே அடிப்படை. மூன்றாண்டு முடித்து, பி.எட்.டும் முடித்து, விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது இதை அறிவது கொடுமை. சேர்க்கையின்போது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது, பயிற்றுமொழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, பள்ளி முதல் குறித்த தகுதிப் படிப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றானது. பன்னிரண்டு ஆண்டும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவி, பட்டப்படிப்பில் ஆங்கில வழிப் பிரிவுக்கு மாறினால், பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் பணிகளில் இந்த முன்னுரிமையை இழப்பார். ஆங்கில வழியால் வரும் வேறு நன்மைகளை எண்ணி அவர் அதை விரும்பி ஏற்கலாம். தெரிந்தே விட்டுக்கொடுப்பதும் தெரியாமல் இழப்பதும் ஒன்றாகாது.

மூன்றாவது, அசல் சான்றிதழும் கட்டணமும். ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பிறகு வேறு கல்லூரியிலிருந்து அழைப்பு வருவது ஜூன், ஜூலை மாதங்களில் வாடிக்கை. கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது, விலகுபவருக்கு விலகும் காலத்துக்கேற்பக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. இதைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்; சொல்லத் தெரிந்தவர் குறைவு.

ஆலோசகர் என்ற பொறுப்பு

இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆலோசகர் முறை நெடுங்காலமாக இயங்கும் ஓர் இடம் இருக்கிறது. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்தில் எண்பதுகளில் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் மாதிரியில் இந்தியாவில் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமைந்தபோது, அவற்றோடு பருவ முறையும் கிரெடிட்டும் ஆலோசகரும் சேர்ந்தே வந்தன. அங்கே ஒரு பாடத்தின் எடையை 2+1 என்று எழுதுவார்கள்: இரண்டு கருத்தியல், ஒன்று செய்முறை. பருவத் தொடக்கத்தில் மாணவர் நேரில் வந்து, தான் படிக்கப்போகும் பாடங்களைப் பதிவு அட்டையில் எழுதி, ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முந்தைய பருவத்தில் தவறிய பாடம் இருந்தால் அதை எப்போது திரும்ப எடுப்பது என்ற பேச்சு அந்த மேசையிலேயே நடந்துவிடுகிறது. பாடங்களில் தெரிவு அங்கேயும் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு பருவமும் ஓர் ஆசிரியர் மாணவரின் முழுக் கணக்கையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார் என்பது சாதாரண விஷயமல்ல.

அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளிலும் இதற்கு இடமுண்டு. துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் படிப்பு முடியும் வரை பாடப் பதிவிலும் மறுபதிவிலும் ஆலோசனை சொல்லி, வருகையையும் முன்னேற்றத்தையும் கவனித்து, தேவையானால் பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

கலை அறிவியல் கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு டியூட்டர், கிளாஸ் இன்சார்ஜ், மென்டர் என்ற பெயர்களில் இருக்கிறது. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு, ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் கேட்பதால் எல்லாக் கல்லூரியிலும் பட்டியலும் நோட்டும் உண்டு. அந்த நோட்டைத் திறந்தால் மாணவரின் பெயர், தந்தையின் தொழில், முகவரி, ரத்த வகை, உள்மதிப்பீட்டு மதிப்பெண், அரியர், சந்தித்த தேதி, கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். எந்த விருப்பப்பாடம், ஏன், பட்டத்துக்குப் பின் என்ன செய்ய எண்ணம் என்ற கட்டங்களைக் காண்பது அரிது. நோட்டு, நடந்ததைப் பதிவு செய்யவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

டியூட்டரின் நாள் எப்படிப் போகிறது என்பதையும் எண்ண வேண்டும். வருகைப் பட்டியல், உதவித்தொகைப் படிவம், தேர்வுக் கட்டண நினைவூட்டல், பஸ் பாஸ் கையெழுத்து என்று அவர் கையில் வேலை குவிகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. அரிய திட்டங்கள்; பணம் நின்றுவிடாமல் இருக்க மாணவர் விவரத்தை இணையத்தில் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வேலையும் டியூட்டரைச் சேர்ந்தது. இவை எதுவும் 16 மணி நேரக் கணக்கில் வராது. கணக்கில் வராத வேலையை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் செய்வார் என்பது அவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்கள் நெல்லையில் நிறையவே உண்டு. அவர்களிடம் போய்ச் சேர்ந்த மாணவர் தப்பித்துக்கொள்கிறார். மற்றவர் நிலை அதிர்ஷ்டம். வாரம் ஒரு மணி நேரத்தை ஆலோசனைக்கென்று கால அட்டவணையிலேயே எழுதி, ஆசிரியரின் வேலைப் பளுவிலும் சேர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குப் புதிய கட்டடமோ பணியிடமோ வேண்டியதில்லை; ஓர் ஆணை போதும்.

பதிவுகள் பெருகும் காலம்

சமீப ஆண்டுகளில் பட்டப்படிப்பைச் சுற்றிப் பதிவுகள் பெருகிவிட்டன. 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் இணையவழிப் படிப்புகளை எடுத்து அவற்றின் கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்க்கலாம். ஒரு பருவத்தின் படிப்புகளில் 40 விழுக்காடு வரை இப்படி எடுக்க 2021இன் விதிமுறை இடம் தருகிறது. அதே ஆண்டில் கல்விக் கிரெடிட் வங்கி வந்தது. மாணவர் ஒரு கணக்கு எண் வாங்கி, தன் கிரெடிட்டுகளை அதில் சேமிக்க வேண்டும். நான் முதல்வன் படிப்புகள் பருவந்தோறும் கால அட்டவணைக்குள் வந்திருக்கின்றன.

வாய்ப்பு பெருகுவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இணையதளம், ஒரு கடவுச்சொல், ஒரு கடைசித் தேதி என்றாகும்போது, பதிவு செய்வதே படிப்பு என்ற எண்ணம் மாணவரிடம் படிந்துவிடுகிறது. ஸ்வயம் படிப்பில் சேர்பவர், அதற்குத் தனித் தேர்வு உண்டு, கட்டணம் உண்டு, எழுத வேறு ஊர் மையத்துக்குப் போக வேண்டியிருக்கலாம், தன் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்கிறதா என்று முன்பே கேட்க வேண்டும் என்பவற்றை அறியாமல் சேர்ந்துவிடுகிறார். இங்கேயும் தகவல் குறையில்லை. சரியான நாளில் சொல்ல ஆள்தான் இல்லை.

தேர்வுப் பதிவும் அரியரும்

கலைக் கல்லூரி மாணவரிடம் பதிவு என்று சொன்னால் அவர் நினைவுக்கு வருவது தேர்வுப் பதிவு. பருவத்தின் நடுவில் அறிவிப்பு வரும். நடப்புத் தாள்களுக்கும் அரியர் தாள்களுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். தேதி தாண்டினால் அபராதம். இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண், தேர்ச்சிக்கு 40. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விலக்குக் கட்டணம் கட்டி அனுமதி பெறலாம். மிகவும் குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

மேல் பள்ளத்தாக்கிலிருந்து செங்கோட்டை ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வந்து போகும் மாணவருக்கு வருகை முதல் கவலை. கல்லிடைக்குறிச்சியிலும் சேரன்மகாதேவியிலும் ஒரு வண்டியைத் தவறவிட்டால் முதல் பீரியட் போயிற்று. முதல் பீரியட் தொடர்ந்து ஒரே பாடமாக அமைந்தால் அந்தப் பாடத்தில் பின்தங்கல் உறுதி. மாலையில் கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கும் இதே கதை. வருகைக் குறைவுப் பட்டியல் பருவத்தின் முடிவில்தான் ஒட்டப்படுகிறது. நான்காவது வாரத்திலேயே டியூட்டர் அதைக் கையில் வைத்துப் பேசினால் பாதிப் பேராவது மீள்வார்கள்.

அரியர் விஷயத்தில் கலைக் கல்லூரிகளின் விதி தாராளமானது. எத்தனை தாள் நின்றாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம். இந்தத் தாராளத்தால் படிப்பை விடாமல் தொடர்ந்தவர்கள் ஏராளம்; அதை இறுக்குவது தவறாகும். ஆனால் முதல் பருவத்தில் விழுந்த ஆங்கிலத் தாள் ஆறாம் பருவம் வரை கூடவே வருவதற்கு இதுவே காரணம். எந்தப் பருவத்தில் எதைத் திரும்ப எழுதுவது, ஒரே பருவத்தில் எத்தனை எழுதினால் தாங்கும், எந்தத் தாளுக்கு எந்தத் துறையில் மறுபயிற்சி கேட்பது என்று திட்டமிட்டுத் தருவது ஆலோசகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. இதை எழுதித் தர ஒரு பக்கத் தாள் போதும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. மூன்றாண்டு முடிந்து, மாற்றுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, ஒன்றிரண்டு தாள் நிற்கும் நிலையில் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனவர்கள். பழைய பாடத்திட்டத்தில் எழுத அவர்களுக்குக் குறிப்பிட்ட காலம்தான் உண்டு. அது கடந்தால் புதிய பாடத்திட்டத்தில் இணையான தாளை எழுத வேண்டும். 2023இல் பாடத்திட்டம் மாறியதால் இந்தச் சிக்கல் இப்போது பல கல்லூரிகளில் நேரடியாக வந்து நிற்கிறது. தேர்வு அறிவிப்பு கல்லூரிப் பலகையில் ஒட்டப்படுகிறது. அவர்கள் அந்தப் பலகையைப் பார்க்கும் தூரத்தில் இல்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவும் விடைபெறும் விழாவோடு அடங்கிவிடுகிறது. ஒரு தாளுக்காகப் பட்டம் இல்லாமல் நிற்கும் இவர்களின் பெயர்களையும் கல்லூரிகள் ஏதேனும் ஓர் ஆசிரியரின் பட்டியலில் சேர்க்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வரும் நாளில் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போக வேண்டும்.